ஆஃபரும் வரவில்லை, ரிஜெக்டும் வரவில்லை: மார்ச் மாதத்தில் அங்கே என்னதான் நடக்கிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் திருச்சியில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்தவர். டிசம்பரில் எட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு பிஎச்.டி. விண்ணப்பம் போட்டிருக்கிறார். இப்போது மார்ச் முதல் வாரம். இரண்டு ரிஜெக்ட், ஒரு வெயிட்லிஸ்ட். இன்னொரு இடத்தில் ‘அட்மிஷன் உண்டு, ஃபண்டிங் பற்றிப் பிறகு சொல்கிறோம்’ என்று கடிதம். மற்ற நான்கிலும் சத்தமே இல்லை. கையில் சி.எஸ்.ஐ.ஆர். ஜே.ஆர்.எஃப். (இந்தியாவில் பிஎச்.டி. செய்ய மத்திய அரசு தரும் உதவித்தொகை) இருக்கிறது, இங்கே ஒரு பேராசிரியர் ‘வருகிறாயா இல்லையா’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மெயில் போட்டு விசாரிக்கலாமா, காத்திருப்பதா, விட்டுவிடுவதா என்பது கேள்வி.

நான் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறேன். அட்மிஷன் கமிட்டியில் உட்கார்ந்து இந்த ஃபைல்களைப் படித்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

உங்கள் விண்ணப்பத்தை அநேகமாக ஜனவரியிலேயே படித்து முடித்திருப்பார்கள். டிசம்பர் முதல் பாதியில் கெடு முடிகிறது. ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி தொடக்கத்துக்குள் பெரும்பாலான அறிவியல் துறைகளில் கமிட்டி கூடி, யார் முன்னே யார் பின்னே என்று ஒரு வரிசை போட்டுவிடும். அதன் பிறகு ஏப்ரல் வரை நடப்பது பெரும்பாலும் பணக் கணக்கு. நீங்கள் தகுதியானவரா என்பது முடிந்துபோன பேச்சு. ஐந்து வருஷத்துக்கு உங்கள் சம்பளத்தை யார் தலையில் எழுதுவது என்பதுதான் பாக்கி. சீட் வாங்குவது ஒரு வேலை, ஃபீஸ் கட்டுவது வேறு வேலை என்று பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடாது. அங்கே அறிவியல் பிஎச்.டி. என்றால் சீட், டியூஷன் (கல்விக் கட்டணம்) விலக்கு, மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு எல்லாம் ஒரே கடிதத்தில் வரவேண்டும். அதனால் துறை ஒருவருக்கு ‘சரி’ சொல்வது, சில லட்சம் டாலருக்குப் பொறுப்பேற்பதுபோல. யோசிக்காமல் செய்யமாட்டார்கள்.

கமிட்டி அறையில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஐந்தாறு பேராசிரியர்கள், சுவரில் ஒரு எக்செல் ஷீட், ஆறிப்போன காபி. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் இரண்டு பேர் முன்கூட்டியே படித்து மதிப்பெண் போட்டிருப்பார்கள். உச்சியில் இருப்பவர்களைப் பற்றிப் பேச்சே எழாது, கடைசியில் இருப்பவர்களைப் பற்றியும் எழாது. நேரமெல்லாம் நடுவில் இருக்கிற முப்பது நாற்பது பேருக்குத்தான் போகும். அங்கே கேட்கப்படுவது ‘இவர் கெட்டிக்காரரா’ என்ற கேள்வி அல்ல. ‘இந்தப் பெண் வினையூக்கிகளில் வேலை செய்யவேண்டும் என்று எழுதியிருக்கிறாள், அதில் இந்த வருஷம் ஆள் எடுக்கப்போவது யார்?’ என்று ஒருவர் கேட்பார். அந்தப் பிரிவுப் பேராசிரியர், ‘எனக்கு ஆசைதான், ஆனால் என் கிராண்ட் (ஆராய்ச்சிக்கு வெளியிலிருந்து வரும் நிதி) புதுப்பிப்பு ஏப்ரலில்தான் தெரியும்’ என்பார். உடனே அந்த வரியில் மஞ்சள் நிறம் அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். ரிஜெக்ட் செய்ய மனமில்லை, ஆஃபர் கொடுக்கப் பணமில்லை. உங்களுக்கு நான்கு இடங்களில் இருக்கும் மௌனத்தில் ஒன்றிரண்டாவது இந்த மஞ்சள் வரியாக இருக்கலாம். மற்றவை ரிஜெக்டாக இருக்கும். அனுப்ப அவசரம் இல்லாததால் அனுப்பியிருக்கமாட்டார்கள். இரண்டையும் வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க வழியில்லை. போர்ட்டலில் ‘பரிசீலனையில்’ என்பது ‘கமிட்டி பரிசீலனையில்’ என்று மாறியதை வைத்து ஜாதகம் கணிக்கும் நண்பர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். அந்தச் சொல்லை மாற்றுவது பெரும்பாலும் பட்டமேற்படிப்பு அலுவலகத்தில் ஒரு கிளார்க், அல்லது மென்பொருளே. கமிட்டிக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

இனி ஏன் ஏப்ரல் வரை இழுக்கிறது என்று பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, ஒரு துறைக்குப் பத்துப் பேர் வேண்டும் என்று வையுங்கள். பத்துப் பேருக்கு ஆஃபர் கொடுத்தால் நான்கைந்து பேர்தான் வருவார்கள். மற்றவர்களுக்கு வேறு இடத்திலும் ஆஃபர் இருக்கும். அதனால் இருபது பேருக்குக் கொடுப்பார்கள். ஆனால் இருபதில் பதினாறு பேர் ‘வருகிறேன்’ என்று சொல்லிவிட்டால் துறைத் தலைவருக்குத் தூக்கம் போய்விடும், ஏனென்றால் கொடுத்த வாக்கை மாற்ற முடியாது. அடுத்த வருஷம் ஆள் எடுப்பதைக் குறைத்துத்தான் அந்தக் கடனை அடைக்கவேண்டும். எனவே முதல் சுற்றில் கொஞ்சம் குறைவாகவே கொடுத்து, எத்தனை பேர் ‘இல்லை’ சொல்கிறார்கள் என்று பார்த்து, அடுத்தவர்களைக் கூப்பிடுவார்கள். உங்கள் வெயிட்லிஸ்ட் அப்படித்தான் நகரும். அதாவது, உங்கள் பதில் இப்போது பெர்க்லியிலோ விஸ்கான்சினிலோ இரண்டு ஆஃபரை வைத்துக்கொண்டு எதில் சேரலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் முகம் தெரியாத ஒருவர் கையில் இருக்கிறது.

அவருக்கு ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு. இதைத் தெரிந்துகொள்வது முக்கியம். அமெரிக்கப் பட்டமேற்படிப்புக் கழகங்களின் கூட்டமைப்பான கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் நெடுநாளாக ஒரு தீர்மானம் வைத்திருக்கிறது; முந்நூறுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. நிதியுதவியோடு வரும் ஆஃபருக்கு ஏப்ரல் 15க்கு முன்னால் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். முன்பே ‘சரி’ சொல்லிவிட்டாலும் அந்தத் தேதி வரை எழுத்து மூலம் விலகிக்கொள்ளலாம். சித்திரை பிறந்த மறுநாள் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். வெயிட்லிஸ்டில் பெரிய அசைவு ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து தொடங்கி 15ஆம் தேதியையொட்டி உச்சத்துக்குப் போகும். 16, 17 தேதிகளில்கூட ஆஃபர் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வந்தால் பதில் சொல்ல இரண்டு மூன்று நாள்தான் கொடுப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தீர்மானம் காப்பது பணத்தோடு வரும் ஆஃபரை மட்டும்தான். பணம் இல்லாத எம்.எஸ். அட்மிஷனுக்கு ‘மார்ச் 20க்குள் டெபாசிட் கட்டு’ என்று கேட்டால் அதில் விதி மீறல் எதுவும் இல்லை. பிரிட்டன், ஐரோப்பா பக்கமும் இது செல்லாது. உங்கள் நண்பர்கள் யாராவது எம்.எஸ்.க்குக் காத்திருந்தால் இதைச் சொல்லிவையுங்கள். டெபாசிட் திரும்ப வராது என்பது பலருக்குக் கட்டிய பிறகுதான் தெரிகிறது.

வெயிட்லிஸ்டை அசைக்கும் இன்னொரு விஷயம் நம் பக்கத்தில் யாரும் கவனிப்பதில்லை. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை, அதாவது என்.எஸ்.எஃப்., 1952இலிருந்து பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு ஒரு ஃபெல்லோஷிப் கொடுத்துவருகிறது. இப்போதைய கணக்கில் ஐந்து வருஷ காலத்துக்குள் மூன்று வருஷச் சம்பளம், வருஷத்துக்கு 37,000 டாலர்; அதுபோக மாணவரின் படிப்புச் செலவுக்கென்று பல்கலைக்கழகத்துக்கு 16,000. அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மட்டும்தான். ‘அப்படியானால் எனக்கென்ன’ என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதன் முடிவு வழக்கமாக ஏப்ரல் தொடக்கத்தில் வரும். துறை ஏற்கெனவே ஆஃபர் கொடுத்த இரண்டு அமெரிக்க மாணவர்களுக்கு அது கிடைத்துவிட்டால், அவர்களுக்கென்று ஒதுக்கிய சம்பளம் திடீரென்று கையில் மிஞ்சும். அடுத்த நாளே வெயிட்லிஸ்டின் மேலே இருப்பவருக்கு மெயில் போகும். மேலே இருப்பவர் சேலத்துக்காரராகவும் இருக்கலாம். 2025இல் அந்த ஃபெல்லோஷிப் வழக்கமாக இருக்கும் 2000 அளவிலிருந்து ஏப்ரலில் 1000ஆகக் குறைந்தது. ஜூனில் இன்னும் 500 பேரைச் சேர்த்தார்கள். ஆனால் ஜூனில் வரும் பணம் ஏப்ரலில் வெயிட்லிஸ்டைத் திறக்க உதவாது.

இதேபோலப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஒரு போட்டி உண்டு. ஒவ்வொரு துறையும் தன் பட்டியலில் சிறந்த சிலரைப் பல்கலைக்கழக அளவிலான ஃபெல்லோஷிப்புக்குப் பரிந்துரைக்கும். வேதியியல், வரலாறு, இயந்திரப் பொறியியல் எல்லாம் ஒரே பானையில் போட்டி போடும். முடிவு பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ வரும். வரும் வரை துறை தன் கைக்காசைச் செலவழிக்காமல் வைத்திருக்கும். ‘அட்மிஷன் உண்டு, ஃபண்டிங் பின்னர்’ என்று உங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறதே, அதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணம், டீச்சிங் அசிஸ்டென்ட் (வகுப்பு நடத்த உதவிச் சம்பளம் வாங்கும் மாணவர்) இடங்கள் எத்தனை என்று டீன் அலுவலகம் இன்னும் சொல்லவில்லை என்பது. மூன்றாவது காரணமும் உண்டு, அது அவ்வளவு நல்லதல்ல: பணம் தரும் எண்ணமே இல்லாமல், சொந்தக் காசில் வருகிறவர் வந்தால் வரட்டும் என்று கொடுக்கும் கடிதம். எது என்று ஒரே கேள்வியில் தெரிந்துகொள்ளலாம். ‘போன வருஷம் இப்படிக் கடிதம் வந்தவர்களில் ஏப்ரல் 15க்குள் ஃபண்டிங் கிடைத்தவர்கள் உண்டா?’ என்று துறையின் பட்டமேற்படிப்பு ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். நேர்மையான துறை நேர்மையாகச் சொல்லும். மழுப்பினால் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

அப்படியே ஃபண்டிங் வராமல் அட்மிஷன் மட்டும் நின்றுவிட்டால், போகாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அமெரிக்காவில் வேதியியல் பிஎச்.டி.க்கு வீட்டை அடமானம் வைத்துப் போகிறவர் யாரும் இல்லை. ஃபண்டிங் இல்லாத ஆஃபர் என்பது மரியாதையாகச் சொன்ன ‘இல்லை’. ‘முதல் வருஷம் சமாளித்துவிட்டால் அப்புறம் ஏதாவது கிடைத்துவிடும்’ என்று ஊரில் சொல்லும் அண்ணன்கள் இருப்பார்கள். எம்.எஸ்.க்கு அது சில சமயம் நடக்கும். பிஎச்.டி.க்கு அந்தச் சூதாட்டம் தேவையே இல்லை.

சமீபத்து நிலவரத்தையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மௌனத்துக்கெல்லாம் நீங்கள்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வீர்கள். 2025 பிப்ரவரி 7 அன்று அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் தரும் என்.ஐ.எச்., கிராண்டுகளில் கட்டடம், நிர்வாகம் போன்றவற்றுக்காகப் பல்கலைக்கழகத்துக்குச் சேரும் மறைமுகச் செலவுத் தொகையை 15 சதவீதத்தோடு நிறுத்தப்போவதாக அறிவித்தது. நீதிமன்றம் தடுத்தது, ஆனால் அதற்குள் பல இடங்களில் அட்மிஷனைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி, தான் கொடுத்த தற்காலிக ஆஃபர்களையே மார்ச்சில் திரும்பப் பெற்றது. சிகாகோ பல்கலைக்கழகம் 2026-27க்குக் கலை, மனிதப்பண்பியல் (ஹியூமானிட்டீஸ்) புலத்தில் பல துறைகளின் பிஎச்.டி. சேர்க்கையை நிறுத்தியது. இப்படிப்பட்ட காலத்தில் கமிட்டிகள் முதல் சுற்றைச் சுருக்கிவிட்டுப் பட்டியலை நீட்டிவைக்கின்றன. அதாவது ரிஜெக்டும் தாமதமாகிறது, ஆஃபரும் தாமதமாகிறது, நடுவில் தொங்குகிறவர்கள் அதிகம்.

சரி, மெயில் போடலாமா? போடலாம், ஒரே ஒரு தடவை, மார்ச் நடுவில். முதல் வாரத்தில் வேண்டாம். அப்போது பெரும்பாலான துறைகளில் ஆஃபர் வந்தவர்களை ஊருக்கு வரவழைத்துச் சுற்றிக்காட்டும் வேலை நடக்கும். யாருக்குப் போடுவது என்பது முக்கியம். டீனுக்கோ, கமிட்டித் தலைவருக்கோ, உங்களோடு ஜூமில் பேசிய பேராசிரியருக்கோ அல்ல. துறையின் பட்டமேற்படிப்பு ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் இருப்பார். துறை இணையதளத்தில் பெயர் இருக்கும். எந்தப் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்று துறையில் முழுசாகத் தெரிந்த ஆள் அவர்தான். பேராசிரியர்கள் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்பார்கள்.

அந்த மெயிலில் ஐந்தாறு வரி போதும். முதல் வரியில் பெயரும் விண்ணப்ப எண்ணும். அடுத்து, முதல் சுற்று முடிந்துவிட்டதா, வெயிட்லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறதா, அதில் என் பெயர் இருக்கிறதா என்று மூன்றே கேள்வி. டிசம்பருக்குப் பிறகு உண்மையிலேயே ஏதாவது புதிதாக நடந்திருந்தால் ஒரு வரி: கட்டுரை ஏற்கப்பட்டது, கடைசி செமஸ்டர் மதிப்பெண் வந்தது, ஏதோ உதவித்தொகை உறுதியானது. ஒன்றும் நடக்கவில்லை என்றால் அந்த வரியே வேண்டாம். ‘சிறுவயது முதலே தங்கள் மதிப்புக்குரிய நிறுவனத்தில்’ என்று தொடங்கும் பத்தியை யாரும் படிப்பதில்லை. அப்பா கடன் வாங்கியிருக்கிறார், கல்யாணம் நிற்கிறது போன்றவையும் வேண்டாம். அவை உண்மையாக இருந்தாலும் அந்த ஷீட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

வெயிட்லிஸ்டில் இருக்கும் இடத்துக்கு மட்டும் வேறு மாதிரி எழுதலாம். அதுதான் உங்கள் முதல் விருப்பம் என்றால், ‘ஃபண்டிங்கோடு ஆஃபர் வந்தால் உடனே ஏற்றுக்கொள்வேன்’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஏப்ரல் 14 அன்று ஒருங்கிணைப்பாளரிடம் ஒரு இடமும் மூன்று பெயரும் இருக்கும்போது, வரமாட்டாரோ என்று சந்தேகப்படவேண்டியவரைவிட வருவேன் என்று எழுதிக் கொடுத்தவருக்குக் கடிதம் போவது இயல்பு. ஆனால் இந்த வரியை ஒரே ஒரு இடத்துக்குத்தான் எழுதலாம். ஒரே துறையில் வேலை செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். இரண்டு இடத்தில் எழுதினால் என்றைக்காவது தெரிந்துவிடும்.

பேராசிரியர் ஜூமில் நன்றாகப் பேசினார், ‘உன் விண்ணப்பத்தை எதிர்பார்க்கிறேன்’ என்றார், பிறகு ஏன் மௌனம் என்று பலர் கேட்பார்கள். அது துறையைப் பொறுத்தது. பொறியியல் துறைகள் பலவற்றில் பேராசிரியர் தன் கிராண்டிலிருந்து நேரடியாக ஆளை எடுக்கிறார்; அங்கே அவர் வார்த்தைதான் எல்லாம். வேதியியல், உயிரியல் துறைகளில் பெரும்பாலும் கமிட்டி எடுக்கிறது, மாணவர் வந்த பிறகுதான் ஆய்வகம் தேடுகிறார். அங்கே ஒரு பேராசிரியரின் ஆர்வம் உங்கள் வரியில் ஒரு குறிப்பாக ஏறும், அவ்வளவுதான். அவருக்கு வாராவாரம் எழுதினால் அந்தக் குறிப்பும் மாறிவிடும்.

இன்னொரு சின்ன விஷயம், தூக்கத்துக்காக. கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 7.30, மாலை 5 மணி என்றால் விடியற்காலை 3.30. மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைப்பார்கள், அதன்பின் நமக்கு 6.30 முதல் 2.30 வரை. கலிஃபோர்னியா என்றால் இன்னும் மூன்று மணி நேரம் தள்ளி. பகல் பூராவும் போனைப் பார்ப்பதில் பயனில்லை. சனிக்கிழமை விடிந்ததிலிருந்து திங்கள் மாலை வரை பார்ப்பதில் சுத்தமாகப் பயனில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. காலை ஆறரைக்குப் பார்த்தால் போதும். கிழக்குக் கரையிலிருந்து அன்றைக்கு வரவேண்டியது எல்லாம் வந்திருக்கும். ஏப்ரல் 15 இரவு அங்கே முடியும்போது நமக்கு 16ஆம் தேதி காலை ஒன்பதரை ஆகியிருக்கும். ஆனால் சில இடங்களில் மாலை ஐந்து மணியோடு போர்ட்டலை மூடிவிடுவார்கள், கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள்.

ஆஃபர் வந்தால் கொண்டாடிவிட்டுக் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். சம்பளம் ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா? ஒன்பது என்றால் கோடையில் யார் தருவார்கள்? டியூஷன் விலக்கு என்றால் டியூஷன் மட்டும்தான். ‘கட்டணங்கள்’ என்று தனியாக ஒன்று இருக்கும், ஒரு செமஸ்டருக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும் இடங்களும் உண்டு, அது உங்கள் சம்பளத்திலிருந்து போகும். காப்பீட்டுப் பிரீமியத்தில் அவர்கள் பங்கு எவ்வளவு? எத்தனை வருஷத்துக்கு உறுதி? ‘நிதி இருக்கும்பட்சத்தில்’ என்ற சொற்றொடர் எல்லாக் கடிதத்திலும் இருக்கும், அதற்காகப் பயப்படவேண்டாம். ‘முதல் ஆண்டுக்கு’ என்று மட்டும் போட்டு அதோடு நிறுத்தியிருந்தால் கேளுங்கள். இதையெல்லாம் அங்கே இப்போது படிக்கும் மாணவரிடம் கேட்பதுதான் நல்லது. நம் பிள்ளைகள் எந்தத் துறையில் தேடினாலும் ஒருவராவது இருப்பார்கள். மூன்றாம் வருஷத்தில் இருப்பவர் வாடகை எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

மனதில் முடிவாகிவிட்டால் ஏப்ரல் 15 வரை இழுக்காதீர்கள். நீங்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஐ-20, அதாவது மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் சான்று, தயாரிக்கத் தொடங்குவார்கள். அதற்கப்புறம் வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் அமெரிக்க அரசு அமைப்புக்கு 350 டாலர் செவிஸ் கட்டணம், விசா விண்ணப்பம், அப்புறம் சென்னையில் ஜெமினி பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி. 2025 மே கடைசியில் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதி கொடுப்பதையே உலகம் முழுவதும் நிறுத்திவைத்தார்கள். ஜூனில் சமூக ஊடகச் சோதனையோடு மறுபடி திறந்தார்கள். முன்பே தேதி வாங்கிவிட்டவர்களுக்குத் தலைவலி குறைவு. ஐ-20 கையில் வரும் வரை இப்போது பார்க்கும் வேலையை விடுவதும் வேண்டாம்.

நம் பக்கத்து ஃபெல்லோஷிப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அவற்றின் நாட்காட்டி இதோடு ஒத்துப்போவதே இல்லை. அமெரிக்காவில் படிக்க இந்தியர்களுக்குத் தரும் ஃபுல்பிரைட்-நேரு, போக விரும்பும் வருஷத்துக்கு முந்தைய வருஷமே விண்ணப்பிக்கவேண்டியது. ஜே.என். டாட்டா என்டோமென்ட் 1892இலிருந்து இருக்கிறது, ஆனால் அது கடன் உதவித்தொகை, திருப்பிக் கட்டவேண்டும். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியல் சாதி மாணவர்கள், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் போன்றோருக்கானது, ஆண்டுக்கு 125 இடம், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள். 2025இல் அதில் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் போனது. மற்றவர்களுக்கு நிதியைப் பொறுத்து என்று பதில். பட்டியலில் பெயர் வந்த பிறகும் பணம் வரும் வரை டிக்கெட் போடமுடியாது என்று அந்த மாணவர்களுக்குத் தெரியவந்தது அப்படித்தான். இவற்றில் ஏதாவது ஒன்று உங்களுக்கு உறுதியானால், அன்றைக்கே வெயிட்லிஸ்ட் துறைக்கும் ஃபண்டிங் சொல்லாத துறைக்கும் எழுதுங்கள். ‘ஒரு முறைதான் மெயில்’ என்ற விதி அதற்குப் பொருந்தாது. ஒரு வருஷச் செலவைக் கையில் கொண்டுவருகிறவர் என்றால் மஞ்சள் வரி பச்சையாவதற்கு நிறைய வாய்ப்பு உண்டு.

கடைசியாக ஜே.ஆர்.எஃப். விஷயம். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டதே இதுதான், ஏனென்றால் எட்டு இடத்தில் போட்டும் கைவசம் உறுதியாக இருப்பது இது ஒன்றுதான். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. இங்கே அந்தப் பேராசிரியரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: ‘சார், அமெரிக்காவில் விண்ணப்பித்திருக்கிறேன், ஏப்ரல் மூன்றாவது வாரத்துக்குள் தெரிந்துவிடும், அதுவரை அவகாசம் கிடைக்குமா?’ இங்கே ஆகஸ்ட் சேர்க்கைக்கான நேர்காணல்கள் பெரும்பாலும் மே, ஜூனில்தான். ஏப்ரல் 20 அவருக்குத் தாமதம் அல்ல. மறைத்துவிட்டுச் சேர்ந்து, மூன்று மாதத்தில் ராஜினாமா கொடுத்தால் அவர் உங்களுக்கு எழுதும் பரிந்துரைக் கடிதம் எப்படியிருக்கும் என்று யோசித்துப்பாருங்கள். அடுத்த டிசம்பரில் அது தேவைப்படலாம். ஃபெல்லோஷிப் கடிதத்தில் எந்தத் தேதிக்குள் சேரவேண்டும் என்று போட்டிருக்கும், அதை இன்றைக்கே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இந்த வருஷம் எட்டும் இல்லை என்றாகிவிட்டால் மறுபடி போடுகிறவர்கள் ஏராளம், இரண்டாவது தடவையில் கிடைத்தவர்களும் ஏராளம். ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு மதிப்பெண் ஐந்து வருஷம் செல்லும், டோஃபல் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டு வருஷம்தான், தேதியைப் பாருங்கள். எட்டு இடத்தில் எட்டும் ஒரே தரத்தில் இருந்தனவா என்பதையும் பாருங்கள். பட்டியலை எனக்கு நீங்கள் சொல்லவில்லை. ஆனால் நம் பிள்ளைகள் போடும் பட்டியலில் பெரும்பாலும் உச்சியில் இருக்கும் ஆறும், நண்பன் சொன்னான் என்று சேர்த்த இரண்டும்தான் இருக்கும். உங்கள் ஆய்வுத் தலைப்பில் மூன்று பேராவது வேலை செய்யும் துறைகளாகப் பார்த்துப் போட்டால், ஒருவரின் கிராண்ட் தள்ளிப்போனாலும் இன்னொருவர் இருப்பார்.